நீல வரித் தாச்சி

அந்தக் குசினியில் அடுப்பு மூட்ட மட்டும் என் அம்மாவுக்கு அனுமதி இருக்கவில்லை. வெட்டலாம், கழுவலாம், கிண்டலாம், இறக்கலாம். தீயை ஒரு யூதர்தான் பற்றவைக்க வேண்டும். காலையில் குசினிக்குப் பொறுப்பான கிழவியார் வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒவ்வோர் அடுப்பாகத் திருகிப் பற்றவைப்பார். மூலையில் இருந்த சின்ன அடுப்பை மாலைவரை அணைக்கமாட்டார்கள்.

எனக்கு அது பெரிய பகிடியாக இருந்தது. காஸ் அடுப்புக்கும் சமயம் இருக்கிறதா என்று வீட்டுக்கு வந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“அவையின்ரை அடுப்பு. அவையே மூட்டட்டும். எங்களை உள்ளுக்கு விட்டிருக்கினமெல்லோ,” என்றார்.

உள்ளுக்கு விடுவது என்றால் என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். ஊரில் அவர் வேலைக்குப் போன வீடுகளில் நெல் குற்றுவார், முற்றம் கூட்டுவார், துணி துவைப்பார். குசினி வாசலைத் தாண்டியதில்லை. தேத்தண்ணி பின்வேலியோரம், அவருக்கென்று கவிழ்த்து வைத்த தகரப் போணியில் வரும். குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்துக்குள் அவர் கால் வைத்தது வாக்குப் போடவும் ஷெல்லடிக்கு ஒதுங்கவும் மட்டும்தான். அப்பாவும் அப்படித்தான், நாங்கள் ஊரைவிட்டு வெளிக்கிடமுன்னமே அவர் செத்துப்போனார். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்த முதல் ஆள் நான். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை. மற்றவர்களை மறக்க விட்டதுமில்லை.

வடலண்டனில் நாங்கள் இருந்த அறைக்கு இரண்டு தெரு தள்ளி அந்த யூத சமூக நிலையம் இருந்தது. அந்தப் பகுதி யூதர்களில் பெரும்பாலோர் வசதி வந்ததும் இன்னும் வடக்கே, தோட்டமுள்ள வீடுகளுக்குப் போய்விட்டார்கள். போக ஏலாத வயோதிபர்களும் ஒரு செங்கல் கட்டடமும்தான் மிச்சம். வெறுமையாகக் கிடந்த அறைகளை, அவர்களுக்குப் பின் அந்தத் தெருக்களுக்கு வந்தவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். மேல்மாடியில் சோமாலியருக்கும் குர்தியருக்கும் எங்களுக்கும் ஆங்கில வகுப்பு. கீழே கவுன்சில் வீடு, பெனிபிட் காசு, அகதி விண்ணப்பத்துக்கு வரும் ஹோம் ஒஃபிஸ் கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரே ஆலோசனை மேசை. நடு மண்டபத்தில் மத்தியானச் சாப்பாடு. யூத வயோதிபர்கள் யன்னல் பக்கமும் நாங்கள் கதவுப் பக்கமுமாக இருந்து சாப்பிடுவோம். அப்படி இருக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

வாசலில் ஒரு காவலர் நின்று பைகளைப் பார்ப்பார். யூதருடைய கட்டடம் என்பதால் அந்தக் காவல். முதல் நாள் அவர் வாய் திறக்கமுன்னமே அம்மா தன் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். ஊரில் அவருக்குத் தெரிந்த ஆமிச் சென்றிகளில் அப்படித்தான் நிற்க வேண்டும். காவலரின் முகம் சிவந்துபோயிற்று. நான் அம்மாவின் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. யாரை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

அம்மா போனது ஆங்கில வகுப்புக்கு. இரண்டாம் கிழமையே வகுப்பிலிருந்து எழும்பிக் குசினிப் பக்கம் போய்விட்டார். அங்கே கிழவியார், கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையொன்றில் கீரையைப் பரப்பிவைத்துப் பூச்சி தேடிக்கொண்டிருந்தார். அவர்களுடைய சமயத்தில் பூச்சி வாய்க்குள் போகக்கூடாது. ஒவ்வோர் இலையையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். அம்மா பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, கேளாமலே ஒரு பிடி இலையை எடுத்தார். கிழவியார் பார்த்து முடித்து ஒதுக்கிவைத்திருந்த குவியலிலிருந்து அம்மா மூன்று பூச்சிகளை எடுத்துத் தன் நகத்தில் வைத்துக் காட்டினாராம். அடுத்த மாதம் அம்மாவுக்கு அந்தக் குசினியில் வேலை கிடைத்தது. அவருடைய வாழ்க்கையில் பெயர் போட்ட கடிதத்தோடு வந்த முதல் வேலை. அந்தக் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்று தரம் வாசிக்க வைத்தார்.

அவர்களிருவருக்கும் பொதுவாக ஒரு இருபது சொல் இருந்திருக்கும். கிழவியார் ‘ஓம்’ என்று சொல்லப் பழகிக்கொண்டார். அம்மா இறைச்சி, பால், பார், கழுவு, நாளைக்கு என்பவற்றை ஆங்கிலத்தில் பழகினார். கிழவியார் சின்ன வயதில், தாய் தகப்பன் இல்லாமல் ஒரே ஒரு பெட்டியோடு ரயிலேறி இந்த நாட்டுக்கு வந்தவர் என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றுதான்: பெட்டியை யார் கட்டிக் கொடுத்தது?

அந்தக் குசினியில் பால் ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். இரண்டும் சேரக்கூடாது. பால் சமைக்கும் சட்டிகளின் கைபிடியில் நீல வரி, இறைச்சிச் சட்டிகளில் சிவப்பு, மரக்கறிக்குப் பச்சை. கழுவும் தொட்டிகூட வேறுவேறு. வெளியிலிருந்து எந்தச் சாப்பாடும் உள்ளே வரக்கூடாது. வேலை தொடங்கிய முதல் நாள் நிலையத்தின் பொறுப்பாளர், நாங்கள் ‘பொறுப்பாளர் அம்மா’ என்று சொல்பவர், என்னை மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு இதையெல்லாம் நீண்ட நேரம் விளங்கப்படுத்தினார். அவர் நாற்பது வயதளவில், எப்போதும் மெல்லிய குரலில் பேசும் பெண். நான் ஒவ்வொரு வசனமாக மாற்றிச் சொன்னேன். என் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்:

“மச்சச் சட்டி, சைவச் சட்டி. இதுக்கு இவ்வளவு கதையோ?”

எங்கள் அறையிலும் அப்படித்தான், மீன் இறைச்சிக்கு ஒரு சட்டி, சைவத்துக்கு ஒன்று. நாலு குடும்பத்துக்கு ஒரே அடுப்பு என்றாலும், வெள்ளிக்கிழமை சைவம் சமைக்கும் சட்டியும் அகப்பையும் தனித் துணியில் சுற்றி எங்கள் அறைக்குள் ஆணியில் தொங்கும். வெள்ளிக்கிழமைகளில் யூதர்களும் பொழுதுபட முன் எல்லாவற்றையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அம்மா நேரத்தோடு வந்து, தலைமுழுகி, ஆர்ச்வே மலை ஏறி முருகன் கோயிலுக்குப் போய்வந்து, அந்தச் சட்டியில் சமைப்பார். இந்த ஊரில் தன்னைப்போல வெள்ளிக்கிழமையை மதிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பதில் அவருக்குப் பெரிய திருப்தி.

எனக்குச் சட்டிகளைப் பிடிக்காது. எந்தச் சட்டியையும். தொட்டால் தீட்டு, கலந்தால் தீட்டு என்ற சொற்களுக்குள்ளேதான் அம்மாவின் தகரப் போணி கவிழ்ந்து கிடந்தது. அந்தப் போணியைக் கழுவிய அதே மனுசி எப்படி வீட்டில் இரண்டு சட்டி வைக்கிறார் என்பது எனக்கு விளங்கவேயில்லை. நான் கல்லூரியில் ஏ லெவல் படித்துக்கொண்டிருந்தேன். சட்டம் படிக்கப்போகிறேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தேன். பின்னேரங்களில் நிலையத்துக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பேன், ஆலோசனை மேசையில் மொழிபெயர்ப்பேன். ஊரில் சண்டை நிறுத்தம் இருந்த காலம் அது. ‘இப்போது சமாதானம்தானே, திரும்பிப் போகலாம்’ என்று தமிழாக்களுக்கு வரிசையாகக் கடிதம் வரும். அதைக் கொண்டு வருகிறவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். என் தாய்க்குத் தண்ணீரைக் கையில் வார்த்திருக்கக்கூடிய குடும்பங்களில் இருந்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

நிலையம் ஒவ்வொரு வருடமும் அந்தப் பகுதியில் ஒரு பிள்ளையைத் தேர்ந்து பல்கலைக்கழகப் படிப்பு முழுக்கப் பொறுப்பெடுக்கும். பொறுப்பாளர் அம்மாதான் பெயர் கொடுப்பவர். குழு கூடி முடிவெடுக்கும். அந்த வருடம் என் பெயரைக் கொடுத்திருப்பதாக எனக்கு அவரே சொன்னார். அது இல்லாமல் எனக்குப் படிப்பு இல்லை. கல்லூரி முடிய ஏதாவது கடையில் நிற்பதுதான் மற்ற வழி. குழு கூடுவது ஒரு செவ்வாய்க்கிழமை. அம்மா அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு ஏற்கெனவே முருகனிடம் நேர்த்தி வைத்திருந்தார்.

அதற்கு முந்திய வாரம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

ஆங்கில வகுப்புக்கு எங்கள் பக்கத்து ஊர்க்காரப் பெண்ணொருத்தி புதிதாக வந்திருந்தார். பிரான்சில் இருந்துவிட்டு இங்கே கடை போட வந்த குடும்பம். வந்த நாளே அம்மாவிடம் விசாரணை தொடங்கிவிட்டது. ஊரில் எவடம் என்றார். சொன்னதும், கோயிலுக்குக் கிழக்கேயோ மேற்கேயோ என்றார். பிறகு, எந்தக் கிணற்றடி என்றார். அம்மா ஒளிக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மறுநாளிலிருந்து அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த வியாழக்கிழமை நான் கல்லூரியால் வந்தபோது, அம்மா கொண்டுபோய் வைத்த தட்டை அவர் விரலால் தள்ளிவிடுவதைப் பார்த்தேன்.

“எனக்கு விரதம்.”

“இண்டைக்கு என்ன விரதம்?” என்று நான் கேட்டேன்.

“இஞ்ச வாற நாளெல்லாம் விரதம்தான், பிள்ளை,” என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த மற்றத் தமிழ்ப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

யூதர் குசினிச் சாப்பாடு அவருக்குச் சரி; அதைச் சமைத்த கைதான் சரியில்லை. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். தட்டில் இருந்ததை எறியாமல் தானே நின்று சாப்பிட்டார்.

அன்றைக்கு நான் மண்டபத்தில் சாப்பிடவில்லை. ஸ்டேஷனடித் தமிழ்க் கடைக்குப் போய் இரண்டு மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தேன். விறைத்துப்போயிருந்தன. வெளிச்சாப்பாட்டை வாசல் அறையில்தான் வைத்துச் சாப்பிட வேண்டும். நான் நேரே குசினிக்குப் போனேன். கிழவியார் கண் டாக்டரிடம் போயிருந்தார். அம்மா மண்டபத்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூலையில் சின்ன அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சுவரில் பொரிக்கிற தாச்சிகள் நிறம் நிறமாகத் தொங்கின.

தெரியாமல் எடுத்தேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பசி என்றும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய். நீல வரி போட்ட சின்னத் தாச்சியை, அது நீலம் என்று பார்த்துத்தான் எடுத்தேன். உலகத்தில் உள்ள சட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பாடம் படிப்பிக்கிற மாதிரி இருந்தது எனக்கு. ரோல்ஸ் இரண்டையும் அதில் போட்டுப் புரட்டிச் சூடாக்கி, நின்றபடியே சாப்பிட்டேன். கடதாசியால் தாச்சியைத் துடைத்து அதே ஆணியில் கொழுவினேன். எண்ணெய்ப் பையைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பிறகு போய்ப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை அந்தத் தாச்சியில் வெண்ணெய் உருக்கி, வயோதிபர்களுக்குப் பால் களி கிண்டியிருக்கிறார்கள். கிழவியார் ருசி பார்க்கக் குனிந்தபோது மணத்தைப் பிடித்துவிட்டார். கைபிடி பொருத்திய இடத்தில் ஒரு நார் இறைச்சி ஒட்டியிருந்ததாம். களி முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. அது ஊற்றிய கோப்பைகள், கிண்டிய கரண்டிகள், கழுவிய தொட்டி, அடுப்பு எல்லாமே பழுது. சமய விதி பார்க்கும் தாடிக்காரர் வந்து குசினியைப் பூட்டினார். திங்கட்கிழமை நான் போனபோது அடுப்புகளைச் சுத்தமாக்கவென்று நெருப்புக் குழலால் சுட்டுக்கொண்டிருந்தார்கள். யன்னல் பக்கத்துக் கிழவர்கள் கடதாசித் தட்டில் குளிர்ந்த பாண் துண்டு வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், தனக்கு அந்தக் களி ஊட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவரைக் கடந்து போனேன்.

அன்று பின்னேரம் பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். என் அம்மாவோடு கொஞ்சம் பேச வேண்டும், மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். சொந்தத் தாயென்பதால் வெளியாள் ஒருவரை எடுப்பதுதான் முறை, ஆனால் உன்னைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு யார் என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு வசனம் தேவைப்பட்டது. இரண்டு மொழியிலும் அது என் வாயில் வரவில்லை.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பொறுப்பாளர் அம்மாவும் கிழவியாரும். இந்தப் பக்கம் அம்மா, ஏப்ரனோடு. நடுவில், மேசையின் குறுக்குப் பக்கத்தில் நான். பொறுப்பாளர் அம்மா யாரையும் குற்றம் சொல்லவில்லை என்றுதான் தொடங்கினார். உண்மை தெரிந்தால் போதும். தவறுதலாக நடந்திருந்தால் சொல்லலாம். வியாழக்கிழமை பின்னேரம் குசினியில் இருந்தது உன் தாய் மட்டும்தான்.

நான் சுருக்கினேன். “அம்மா, நீல வரி போட்ட தாச்சியில இறைச்சி சூடாக்கினீங்களோ எண்டு கேக்கினம்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நானோ? நீலமும் சிவப்பும் எனக்கு நித்திரையிலயும் தெரியும். நான் ஏன் செய்யிறன்? இல்லையெண்டு சொல்லு.”

நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியென்றால் வேறு யார் என்பது. அவர் என்ன சொல்கிறார் என்று பொறுப்பாளர் அம்மா கேட்டார். யோசிக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களில் ‘திங்கிங்’ என்பதும் ஒன்று. ஆங்கில வகுப்பில் ஆசிரியை நெற்றியைத் தொட்டுத் தொட்டு அதைத்தான் முதலில் படிப்பித்திருந்தார். அம்மா என் பக்கம் திரும்பினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மா சந்தையில் விலை கேட்கிற குரலில் என்னிடம் கேட்டார்:

“ஸ்டேஷனடிக் கடை ரோல்ஸ் நல்லா இருந்ததோ?”

அந்த எண்ணெய்ப் பையைக் குப்பையிலிருந்து எடுத்து வெளியே போட்டவர் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. எதிரே இருந்த இரண்டு பேரும், தாயும் மகளும் விளக்கமாகப் பேசுகிறார்கள் என்று மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

“அம்மா...” என்றேன்.

“ஓம் எண்டு சொல்லு.”

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

“சொல்லு, பிள்ளை. நாளைக்கு உன்ரை படிப்பு அலுவல் கிடக்கு.”

அவர் ‘ஓம்’ என்று சொல்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் ஆலோசனை மேசையில் இருப்பதைப்போலவே தெளிவாக இருந்தது. அதற்குப் பிறகு, விதி சரியாக விளங்காமல் செய்துவிட்டார் என்று நானாகச் சேர்த்தேன். அது ஒரு உதவி என்று நினைத்தேன். அம்மா என் முகத்திலிருந்தே நான் ஏதோ கூட்டிச் சொன்னதைக் கண்டுபிடித்தார். என்ன சொன்னனீ என்று கேட்டார். சொன்னேன்.

“தெரியாமச் செய்தன் எண்டு சொல்லாதை. தெரியாதவள் இல்லை நான். பசியிலை செய்தன் எண்டு சொல்லு.”

அதையும் சொன்னேன். பசி என்ற சொல்லைக் கேட்டதும் பொறுப்பாளர் அம்மாவின் கண் கலங்கிவிட்டது. வேலைநேரச் சாப்பாடு போதவில்லையா, ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார்.

கிழவியார் மட்டும் அவசரப்படவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என்னை விலத்தி, நேரே அம்மாவைக் கேட்டார். “யூ?” என்று விரலை நீட்டினார். அம்மா தன் நெஞ்சில் கையை வைத்து, “மீ,” என்றார்.

கிழவியார் அப்போது பொறுப்பாளர் அம்மாவிடம் திரும்பி ஒன்று சொன்னார். ஒரு கட்டுக் கீரையில் நான் காணாமல் விட்ட மூன்று பூச்சியை எடுக்கிற கை இது, இந்தக் கை தாச்சியை மாற்றி எடுக்காது, எனக்கு நம்ப ஏலாது என்றார். அவரே சொல்கிறாரே, நாம் என்ன செய்வது என்றார் பொறுப்பாளர் அம்மா. கிழவியார் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்.

அவர் என்ன சொன்னவர் என்று அம்மா கேட்டார்.

கவலைப்படுகிறார் என்று சொன்னேன்.

அம்மா ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, மேசையில் வைத்தார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. வாசலில் காவலர் வழக்கம்போல் கையசைத்தார். அம்மா தன் பையைத் திறந்து அவருக்குக் காட்டிவிட்டு வெளியே வந்தார். போகும்போது யாரும் பை பார்ப்பதில்லை.

அடுத்த நாள் குழு என்னைத் தேர்ந்தது. கடிதத்தில் பொறுப்பாளர் அம்மா என்னைப்பற்றி எழுதியிருந்தவற்றில், முழுமையாக நம்பத்தக்கவர் என்பதும் ஒன்று. அம்மா கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். அந்த இடத்தைத் தாண்டி வாசித்தேன். இந்த முறை ஒரு தரம் கேட்டதோடு போதும் என்றுவிட்டார்.

படிப்புக் காசுக்கான பேப்பர்கள் எல்லாம் முடியும்வரை நான் நிலையத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். போகாமல் விட்டால் கேட்பார்கள். மத்தியானச் சாப்பாடு திரும்பத் தொடங்கிய நாளில் அந்தப் பக்கத்து ஊர்க்காரப் பெண் விரதம் முறித்துக்கொண்டு, தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டார். நான் கடந்து போகும்போது எனக்குக் கேட்கும்படியாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “அதுகளைக் குசினிக்கை விட்டா இப்பிடித்தான். பாவம் வெள்ளைச் சனம், அவைக்கு எங்க தெரியும்.” பொறுப்பாளர் அம்மா எங்கள் பின்னால் நின்றார். அவர் என்ன சொல்கிறார் என்று சிரித்தபடி என்னைக் கேட்டார். சாப்பாடு நல்லாயிருக்கிறதாம் என்று மொழிபெயர்த்தேன்.

அம்மா பிறகு நகரத்தில் அலுவலகங்கள் துடைக்கிற வேலைக்குப் போனார். அங்கே சட்டியும் இல்லை, கீரையும் இல்லை. பிளீச் பட்டு விரல் நுனிகள் உரிந்து, ரேகை தெரியாத அளவுக்கு வழுவழுத்துப்போயின. ஆங்கிலம் அந்த இருபது சொல்லோடு நின்றுவிட்டது. என்னை அவர் ஒருநாளும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம். அந்தக் கிழமையே, வெள்ளிக்கிழமை, நான் வழக்கம்போல ஆணியிலிருந்து சைவச் சட்டியை இறக்கப் போனபோது மட்டும், “நீ அதைத் தொடாதை,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சட்டி கழுவுகிறவர், கரிக் கை படாமல் பார்த்துக்கொள்கிற மாதிரிச் சொன்னார். தகரப் போணியில் குடித்தவரின் வீட்டில், அவருடைய சொந்த மகள் அன்றிலிருந்து சட்டி தொடக்கூடாதவள்.

நான் படித்து முடித்தேன். ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அம்மாவுக்கு ஆர்ச்வேயில் கவுன்சில் வீடு கிடைத்தது. விண்ணப்பப் பத்திரமெல்லாம் நான்தான் நிரப்பினேன். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து அங்கே போவேன். அம்மா எனக்கு விருந்தாளிக்குப்போல மேசையில் பரிமாறுவார். குசினிக்குள் போனால், என்ன வேணும், நான் எடுத்துத் தாறன் என்று எழும்பி வந்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் அந்த நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு நாலு வருடம் எடுத்தது. அழுவார், கட்டிப்பிடிப்பார் என்று எங்கோ ஓரிடத்தில் எதிர்பார்த்திருக்கிறேன் போலும். அம்மா முன்னால் ஒரு கட்டு முளைக்கீரை கிடந்தது. ஒவ்வோர் இலையாகத் திருப்பிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும்.

“இனிப் போய்ச் சொன்னா நான் பொய்க்காரி எண்டாகும். இப்ப இறைச்சி சூடாக்கினவள் மட்டும்தான். அது போதும். விடு.”

அப்படியென்றால் எனக்கு என்ன வழி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, அன்றைக்கு அந்த அறையில் நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். கிழவியார் என்ன சொன்னவர் என்பதை. பூச்சி எடுக்கிற கை, தாச்சியை மாற்றி எடுக்காது, நம்ப ஏலாது.

அம்மாவின் கை நின்றது.

“அவ இங்கிலீசிலை சொன்னமாதிரிச் சொல்லு.”

சொன்னேன். விளங்காத மொழியில் அதை முழுவதும் கேட்டார். திரும்பத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டார்.

“அண்டைக்கே ஏன் சொல்லேல்லை? அந்தச் சொல்லையெண்டாலும் கொண்டு போயிருப்பன்.”

கை சும்மா இருக்க ஏலாமல் நான் ஒரு பிடி கீரையை என் பக்கம் இழுத்து, இலை இலையாகப் பார்க்கத் தொடங்கினேன். அம்மா தடுக்கவில்லை. நான் பார்த்து முடித்து ஒரு பக்கமாகக் குவித்ததை, கடைசியில் தன் பக்கம் இழுத்து, முதல் இலையிலிருந்து திரும்பப் பார்த்தார்.